காடைக்கு எந்தத் தாது உப்பு? பொரிப்பு பாதியாகிவிட்டது, ஓடும் மெலிசு

புள்ளிமுட்டை:

வணக்கம். 180 பெட்டை, 60 ஆண் காடை வைத்திருக்கிறேன். தீவனம் நானே கலக்கிறேன். மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, சுண்ணாம்புக்கல் தூள், வைட்டமின் பொடி, தாது உப்பு. இரண்டு வருடம் எந்த வம்பும் இல்லாமல் ஓடியது.

மூன்று மாதமாகச் சரியில்லை. முதலில் முட்டை ஓடு மெலிந்தது. கையில் எடுக்கும்போதே நொறுங்குவது தினமும் ஏழெட்டு. கால்சியம் போதவில்லை என்று நினைத்துச் சுண்ணாம்புக்கல் தூளை ஏற்றினேன். ஓடு தேறவில்லை. அப்புறம் பொரிப்பு விழுந்தது. முன்பெல்லாம் 120 முட்டை வைத்தால் 90-க்குக் குறையாமல் குஞ்சு வரும். போன முறை சரியாக 60. அதிலும் சில குஞ்சுகள் பத்து நாள் ஆனதும் ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கின்றன.

நுண்தாதுதான் குறைகிறது என்று ஒருவர் சொன்னதால் தண்ணீரில் தாது டானிக் விடுகிறேன். தீவனத்தில் 50 கிலோவுக்கு இரண்டு ஸ்பூன் ஆர்கானிக் செலீனியம் தூளும் போடுகிறேன். ஒரு மாதமாகியும் மாற்றம் இல்லை. அடுத்து எதை ஏற்றலாம்? துத்தநாகமா, மாங்கனீசா, இல்லை செலீனியத்தையே கூட்டவா?

கூண்டுக்கதவு:

யோசிக்கவே வேண்டாம். சாதா சல்பேட் உப்பை விட்டுவிட்டு கீலேட்டுக்கு மாறுங்கள். துத்தநாகம், மாங்கனீசு, செம்பு மூன்றும் அமினோ அமிலத்தோடு பிணைந்த வடிவில் கிடைக்கின்றன. நான் மாறிய பிறகு ஓடு பிரச்சினையே வரவில்லை.

தீவன_ஆலை:

செலீனியத்தை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

இரண்டு ஸ்பூன் என்றால் எந்த ஸ்பூன்? தூளின் பையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மி.கி. செலீனியம் என்று போட்டிருக்கிறது? தாது உப்புப் பையின் லேபிளையும் அப்படியே எழுத்து விடாமல் இங்கே எழுதுங்கள். சுண்ணாம்புத் தூள் முன்பு எத்தனை சதவீதம், இப்போது எத்தனை?

வெண்கரு:

நானும் கேட்டுக்கொள்கிறேன். பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்த்தீர்களா? 60 குஞ்சு வரவில்லை என்பது ஒரு தகவலே இல்லை. அந்த 60-ல் கருவே கூடாதவை எத்தனை, முதல் நாட்களில் செத்தவை எத்தனை, ஓட்டைக் கொத்தும் நேரத்தில் செத்தவை எத்தனை என்று பிரித்தால்தான் கதை தெரியும். 240 காடையும் ஒரே வழி வந்தவையா? வெளியிலிருந்து ஆண் கொண்டுவந்து எத்தனை நாள் ஆகிறது?

புள்ளிமுட்டை:

இன்று பொரிப்பு முடிந்த நாள், நல்லவேளை. இந்த முறையும் 120-க்கு 60 குஞ்சு. மிச்சம் 60 முட்டையையும் பழைய செய்தித்தாளில் பரப்பி ஒவ்வொன்றாக உடைத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

22 முட்டையில் வெறும் மஞ்சள் கரு. 8-ல் சின்ன ரத்த வளையம், அவ்வளவுதான். மீதி 30-ல் முழுக் குஞ்சு, இறகோடு செத்திருக்கிறது. அந்த 30-ல் 12 பார்க்கவே விநோதம். கால் குட்டை, இறக்கை குட்டை, தலை உருண்டை. மேல் அலகு கிளிக்கு இருப்பதுபோல் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது.

சுண்ணாம்புத் தூள் முன்பு 6 சதவீதம், இப்போது 10. செலீனியம் தூளில் கிலோவுக்கு 2000 மி.கி. என்று இருக்கிறது. ஸ்பூனை எடை போட்டேன், இரண்டு ஸ்பூன் 20 கிராம்.

தாது உப்பு லேபிள்: கால்சியம் 20, பாஸ்பரஸ் 12, இரும்பு 0.4, துத்தநாகம் 0.8, மாங்கனீசு 0.12, செம்பு 0.1, அயோடின் 0.026, கோபால்ட் 0.012. எல்லாம் சதவீதம். தீவனத்தில் 1 சதவீதம் கலக்கிறேன்.

ஆண் எல்லாம் இங்கே பொரித்தவைதான். வெளியிலிருந்து கொண்டுவந்து இரண்டு வருடம் ஆகிறது.

தீவன_ஆலை:

நண்பரே, அது மாட்டுக்கான தாது உப்பு இல்லையா?

புள்ளிமுட்டை:

ஆமாம். முன்பு கோழிக்கான நுண்தாதுக் கலவைதான் போட்டேன். அது தீர்ந்துபோனது. மாட்டுக்கு வாங்கிய பை இருந்தது, அதிலும் இதே பெயர்கள்தானே இருக்கின்றன என்று எடுத்தேன். நாலு, நாலரை மாதம் இருக்கும்.

தீவன_ஆலை:

அப்படியானால் உங்கள் கேள்விக்கான விடை அந்த லேபிளிலேயே இருக்கிறது. உட்கார்ந்து கணக்குப் போடுவோம். கால்குலேட்டர் தேவையில்லை.

காடைக்கு என்ன வேண்டும் என்பதற்கு இன்றைக்கும் பெரும்பாலோர் கையில் எடுப்பது அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994-ல் வெளியிட்ட அட்டவணை. பழையதுதான், ஆனால் தொடங்குவதற்கு நல்ல இடம். ஜப்பானியக் காடையில் முட்டையிடும் தாய்ப்பறவைக்கு ஒரு கிலோ தீவனத்தில் மாங்கனீசு 60 மி.கி., துத்தநாகம் 50, இரும்பு 60, செம்பு 5, அயோடின் 0.3, செலீனியம் 0.2. குஞ்சுக்கு இரும்பு 120, துத்தநாகம் 25, மற்றவை கிட்டத்தட்ட அதே.

இப்போது உங்கள் பை. 1 சதவீதம் என்றால் கிலோவுக்கு 10 கிராம் உப்பு. அதிலிருந்து துத்தநாகம் 80 மி.கி. கிடைக்கிறது, தாராளம். செம்பு 10, தேவைக்கு இரண்டு மடங்கு. இரும்பு 40, அதோடு சோளமும் சோயாவும் சுண்ணாம்புத் தூளும் கொண்டுவரும் இரும்பே போதும். அயோடின் 2.6, அதிகம்தான். மாங்கனீசு? 12 மி.கி. வெறும் பன்னிரண்டு. சோளத்தில் மாங்கனீசு சொற்பம், சோயா புண்ணாக்கு கொஞ்சம் தரும். எல்லாம் சேர்ந்தாலும் 30-ஐத் தாண்டாது. தேவையில் பாதி. செலீனியம் லேபிளில் பெயரே இல்லை.

மாட்டு உப்பில் மாங்கனீசு ஏன் குறைவு என்றால், மாட்டுக்கு வேண்டிய அளவு குறைவு, பசுந்தீவனமே அதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். பறவையின் குடலோ மாங்கனீசை உறிஞ்சுவதில் படு சோம்பேறி. தின்றதில் சொற்பம்தான் உடம்பில் ஒட்டும். அதனால்தான் கோழி, காடைக்கான கலவையில் மாங்கனீசும் துத்தநாகமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். உங்கள் பையில் துத்தநாகம் ஏழு பங்கு, மாங்கனீசு ஒரு பங்கு. எட்டுப் பெயர் இருக்கிறது என்று பார்த்தீர்கள், பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்க்கவில்லை.

இதற்கு மேல் சுண்ணாம்பு. 6 சதவீதம் தூள் போட்டபோது உங்கள் தீவனத்தில் கால்சியம் 2.6 சதவீதம் இருந்திருக்கிறது. முட்டையிடும் காடைக்குத் தேவை 2.5. அதாவது கால்சியம் குறைவாக இருக்கவே இல்லை. 10 ஆக்கியதும் 4.1 சதவீதம் ஆகிவிட்டது. குடலில் கால்சியமும் பாஸ்பரஸும் மிஞ்சிப்போனால் கால்சியம் பாஸ்பேட்டாகத் திரளும். அது மாங்கனீசைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியே போய்விடும். இருந்த கொஞ்சத்தையும் நீங்களே கதவைத் திறந்து அனுப்பிவிட்டீர்கள்.

பறவை_மருத்துவன்:

கிளி அலகு, குட்டைக் கால், உருண்டைத் தலை, கடைசி நாட்களில் சாவு: தாய்ப்பறவைக்கு மாங்கனீசு குறைந்தால் கருவில் தெரியும் அடையாளம் இதுவேதான். குருத்தெலும்பின் அடிப்படைப் பொருளைக் கட்டும் நொதிகளுக்கு மாங்கனீசு வேண்டும். அது இல்லாதபோது எலும்பு நீளத்தில் வளராது. முட்டை ஓட்டில் கால்சியம் படியும் கரிமச் சட்டகத்துக்கும் இதே வகை நொதிகள்தான், அதனால் கால்சியம் இருந்தும் ஓடு மெலியும்.

ஒரே ஒரு திருத்தம். மேலே தீவன_ஆலை கால்சியத்தைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறார். மாங்கனீசை அதிகம் தடுப்பது பாஸ்பரஸ் மிகுதிதான் என்று காட்டிய கோழி ஆய்வுகளும் உண்டு. எப்படியும் இரண்டையும் தேவைக்கு மேல் போடுவதில் லாபம் இல்லை.

கால் இழுக்கும் குஞ்சைப் பற்றி ஒரு கேள்வி. பொரித்த முதல் இரண்டு நாளிலேயே இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து தவளைபோல் படுத்திருந்தால் அது தாதுக் குறை இல்லை, வழுக்கும் தரை. செய்தித்தாள் விரித்தால் வரும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து, பெரும்பாலும் ஒரு காலில், கணுமூட்டு வீங்கித் தட்டையாகி, அதற்குக் கீழே கால் முறுக்கிக்கொண்டு நின்றால் பெரோசிஸ். மூட்டின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் கயிறுபோல் ஓட வேண்டிய தசைநாண் பள்ளத்தை விட்டு ஒரு பக்கமாக வழுகியிருக்கும்.

புள்ளிமுட்டை:

தடவிப் பார்த்தேன். நல்ல காலில் நூல் கயிறு மாதிரி நடுவே ஓடுகிறது. கெட்ட காலில் அந்தக் கயிறு உட்பக்கமாகப் போய்விட்டது, மூட்டு அப்பளம்போல் தட்டை. ஏழு குஞ்சுக்கு இப்படி. இனி சரியாகுமா?

குஞ்சுக்குத் தனித் தீவனம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாய்த் தீவனத்திலேயே சோயா கொஞ்சம் கூட்டி, நன்றாக அரைத்துப் போடுகிறேன்.

பறவை_மருத்துவன்:

வழுகிய தசைநாண் திரும்பாது. அந்த ஏழும் அப்படித்தான் இருக்கும். தீவனத்தையும் தண்ணீரையும் எட்டும் உயரத்தில் வையுங்கள், எட்ட முடியாதவற்றை வதைக்க விடாதீர்கள்.

குஞ்சுக்கு 4 சதவீதம் கால்சியம் கொடுத்திருக்கிறீர்கள்! அதற்கு வேண்டியது 0.8. கால் மட்டுமில்லை, சிறுநீரகமும் கெடும். செத்த குஞ்சைத் திறந்தால் ஈரல்மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள், அது சிறுநீரகம் வெளியேற்றாமல் தங்கிய யூரிக் அமில உப்பு, யூரேட் படிவு. குஞ்சுத் தீவனத்தைத் தனியாகக் கலப்பது தவிர வேறு வழி இல்லை.

மாங்கனீசுக்கும் பெரோசிஸுக்கும் உள்ள தொடர்பு 1936-லேயே கோழிக்குஞ்சில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் கோலின், பயோட்டின், ஃபோலிக் அமிலம், நியாசின் குறைந்தாலும் இதே காலைத்தான் பார்ப்பீர்கள். ஆகவே வைட்டமின் பொடி வாங்கி எத்தனை மாதம் ஆகிறது, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள்.

புள்ளிமுட்டை:

வைட்டமினும் தாது உப்பும் ஒரே டப்பாவில் கலந்து வைத்திருக்கிறேன். அளந்து போடச் சுலபம் என்று. ஏழெட்டு மாதம் இருக்கும்.

தீவன_ஆலை:

அடடா. செம்பு, இரும்பு சல்பேட்டோடு வைட்டமினைச் சேர்த்து மாதக்கணக்கில் வைத்தால் வைட்டமின் ஆக்சிஜனேற்றம் அடைந்து வீணாகும். ஈரம் ஏறினால் இன்னும் வேகம். கோலின் குளோரைடும் அதிலேயே இருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டும் தனித்தனி டப்பா. கலக்கும் அன்றுதான் சந்திக்க வேண்டும்.

குட்டிச்சிறகு:

இடையில் ஒரு சின்னச் சந்தேகம், மன்னிக்கவும். கோழிக்கான கலவையைக் காடைக்குப் போடும்போது பாதி அளவு போட்டால் போதும் இல்லையா? காடை சின்னப் பறவை ஆச்சே.

தீவன_ஆலை:

இல்லை. அளவு தீவனத்தின் எடைக்கு, பறவையின் எடைக்கு இல்லை. காடை சின்னது, அதனால் குறைவாகத் தின்கிறது, நாளைக்கு 25 கிராம் அளவில். தின்பது குறையும்போது மருந்தும் தானாகக் குறைந்துவிடுகிறது. நீங்கள் இன்னொரு தடவை குறைத்தால் இரட்டைக் குறைப்பு.

அது மட்டுமில்லை. கோழி தன் எடையில் மூன்று சதவீத அளவுக்கு முட்டையிடுகிறது, காடை ஏழெட்டு சதவீதம். ஆறேழு வாரத்தில் முட்டைக்கு வந்துவிடுகிறது. உடம்புக்கு ஏற்ற வேலையைப் பார்த்தால் காடைதான் அதிகம் உழைக்கிறது.

புள்ளிமுட்டை:

செலீனியத்தை ஏன் உடனே நிறுத்தச் சொன்னீர்கள்? லேபிளில் செலீனியமே இல்லை என்றும் நீங்களே சொல்கிறீர்கள்.

தீவன_ஆலை:

வேண்டும், ஆனால் ஸ்பூனில் இல்லை. உங்கள் ஆர்கானிக் செலீனியம் என்பது செலீனியம் ஏறிய ஈஸ்ட் தூள். கிலோவுக்கு 2000 மி.கி. உள்ள அந்தத் தூள் 20 கிராம் போட்டால் 40 மி.கி. செலீனியம். 50 கிலோவுக்கு வகுத்தால் கிலோவுக்கு 0.8. தேவை 0.2. அமெரிக்காவில் கோழித் தீவனத்தில் சேர்க்க அனுமதி 0.3 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தில் தீவனத்தின் மொத்தமே 0.5-க்குள் இருக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் தாண்டியிருக்கிறீர்கள். இதனால் உங்கள் கருக்கள் செத்தன என்று சொல்ல மாட்டேன். பொரிப்பு அடிபடத் தொடங்குவது 5 மி.கி. பக்கம்.

நான் பயந்தது வேறு. கையில் இருந்தது ஈஸ்ட் தூளாக இல்லாமல் செலீனியத்தின் உப்பான சுத்தமான சோடியம் செலினைட்டாக இருந்து, அதே இரண்டு ஸ்பூன் போட்டிருந்தால்? அதில் 45 சதவீதம் செலீனியம். கிலோவுக்கு 180 மி.கி. ஆகியிருக்கும். மறுநாள் இந்த இழையே வேறு மாதிரி தொடங்கியிருக்கும். 10 கிலோ தீவனத்துக்கு வேண்டிய சோடியம் செலினைட் நாலரை மி.கி.கூட இல்லை. ஒரு மணல் துகள் சமாசாரம். எந்த வீட்டுத் தராசும் காட்டாது. அதனால் செலீனியத்தை எப்போதும் ஏற்கெனவே நீர்த்துப்போன கலவையாகவே வாங்க வேண்டும்.

பறவை_மருத்துவன்:

செலீனியம் மிகுந்தால் கருவில் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் உண்டு. 1983-ல் கலிபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் நீர்ப்பறவைகளின் முட்டைகளில் கண் இல்லாமலும் அலகு கோணியும் கால் இல்லாமலும் கருக்கள் கிடைத்தன. வயல் வடிகால் நீர் கொண்டுவந்த செலீனியம் அங்கே சேர்ந்ததுதான் காரணம். குறைந்தால் வேறு கதை: செலீனியமும் வைட்டமின் ஈ-யும் சேர்ந்து குறையும்போது குஞ்சின் தோலுக்கடியில் நீர் கோத்து, நெஞ்சுப் பக்கம் பச்சை கலந்த நீலமாகத் தெரியும். நுண்தாதுக்களில் தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி இவ்வளவு குறுகியது வேறு இல்லை.

கூண்டுக்கதவு:

நான் முதலிலேயே கீலேட் என்று சொன்னேன், யாரும் பொருட்படுத்தவில்லை. சோயாவிலும் சோளத்திலும் பைட்டேட் என்ற பொருள் இருக்கிறது, அது துத்தநாகத்தையும் மாங்கனீசையும் கட்டிப்போடும். கீலேட் வடிவில் கொடுத்தால் கட்டிப்போட முடியாது. இதுதான் அறிவியல்.

தீவன_ஆலை:

பைட்டேட் பற்றிச் சொன்னது சரி. சோயா புரதத்தில் வளர்த்த குஞ்சுக்குத் துத்தநாகம் போதாமல் போவதற்குப் பைட்டேட்தான் காரணம் என்று 1960 வாக்கிலேயே தெரியும். கால்சியம் கூடக் கூட அந்தப் பிடி இறுகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கீலேட் வழியை நான் ஏன் முதலில் சொல்லவில்லை? இவருடைய தீவனத்தில் மாங்கனீசு பாதிதான் இருக்கிறது. பாதியை எவ்வளவு நல்ல வடிவில் கொடுத்தாலும் அது பாதிதான். முதலில் அளவு சரியாகட்டும். கீலேட்டின் உண்மையான பயன் எனக்குத் தெரிந்து வேறு இடத்தில்: உறிஞ்சுவது நன்றாக இருப்பதால் மொத்த அளவைக் குறைத்தே அதே பலனைப் பெற முடியும், எச்சத்தில் மண்ணுக்குப் போகும் உலோகம் குறையும். ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் கோழித் தீவனத்தில் மொத்தத் துத்தநாகத்தின் உச்சவரம்பை 150-லிருந்து 120 மி.கி.க்கு இறக்கியதும் மண்ணை நினைத்துத்தான்.

வடிவத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு, ஆக்சைடு. ஒரே எண்ணைக் காட்டினாலும் மாங்கனீசு ஆக்சைடு சல்பேட் அளவுக்கு உடம்பில் சேராது. பையில் எந்த உப்பு என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

கூண்டுக்கதவு:

வெப்ப காலத்தில்? அப்போதாவது ஒத்துக்கொள்வீர்களா?

வெண்கரு:

அதில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. துருக்கியில் காஸிம் சாஹினும் அவர் குழுவினரும் 2000-களின் முதல் ஆண்டுகளில் ஜப்பானியக் காடையை 34 டிகிரியில் வைத்து வரிசையாகச் சோதித்தார்கள். துத்தநாகம், குரோமியம், வைட்டமின் சி என்று. வெப்பத்தில் வாடும் காடைக்குக் கூடுதல் துத்தநாகம் உதவியது, கீலேட் போலவே பிணைந்த பிகோலினேட் வடிவம் சல்பேட்டைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் அது 34 டிகிரி. நிழலும் காற்றோட்டமும் குளிர்ந்த தண்ணீரும் இல்லாத கூரைக்குக் கீழே எந்தப் பிகோலினேட்டும் காப்பாற்றாது.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் கிளி அலகையே பார்க்கிறீர்கள். 22 வெற்று முட்டையை யாரும் கேட்கவில்லை. அது மாங்கனீசு இல்லை. இரண்டு வருடமாக அதே கூட்டத்துக்குள் இணை சேர்த்திருக்கிறீர்கள். காடைக்குத் தலைமுறை இரண்டே மாதம் என்பதை மறக்காதீர்கள், இரண்டு வருடத்தில் பத்துத் தலைமுறைகூட ஓடியிருக்கலாம். நெருங்கிய உறவில் சேர்ப்பதைக் காடை கோழி அளவுக்குத் தாங்காது, கருக்கூடுவதும் பொரிப்பதும் சட்டென விழும்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு ஆணையும் கையில் எடுத்து, கழிவுத் துவாரத்துக்கு மேலே செந்நிற மொட்டுப்போல் இருக்கும் சுரப்பியை மெல்ல அழுத்துங்கள். ஷேவிங் கிரீம் மாதிரி வெள்ளை நுரை வர வேண்டும். வராத ஆண் சும்மா தின்கிறது.

புள்ளிமுட்டை:

60 ஆணில் 17-க்கு நுரை வரவில்லை. அவற்றில் ஐந்து, கூண்டிலேயே பெரிய ஆட்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவை!

சரி, நான் இப்போது வரிசையாக என்ன செய்ய வேண்டும்? எல்லோரும் சொன்னதில் தலை சுற்றுகிறது.

தீவன_ஆலை:

மாட்டு உப்பை மாட்டுக்கே திருப்பிக் கொடுங்கள். அதை எடுத்ததும் பாஸ்பரஸ் குறையும், மறக்காதீர்கள். டைகால்சியம் பாஸ்பேட் 1.25 சதவீதம், சுண்ணாம்புத் தூள் 5.5 சதவீதம். கால்சியம் இரண்டரைக்கு வந்துவிடும். குஞ்சுத் தீவனத்தில் சுண்ணாம்புத் தூள் 1 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோழிக்கான நுண்தாதுக் கலவை, பையில் எழுதியிருக்கும் முழு அளவு, செலீனியம் அதிலேயே இருக்கும். தண்ணீர் டானிக் வேண்டாம். தீவனத்தில் சரியாக இருந்தால் தண்ணீரில் விடுவது கணக்கைத்தான் குழப்பும்.

கலப்பதற்கு ஒரு வழி. 50 கிலோ தீவனத்துக்கு நுண்தாது 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நேரே குவியலில் தூவி மண்வெட்டியால் புரட்டினால் ஒரு காடைக்கு எல்லாம், பத்துக் காடைக்கு ஒன்றுமில்லை. முதலில் அரைக் கிலோ சோள மாவில் கலந்து குலுக்குங்கள். அதை ஐந்து கிலோவில் கலக்குங்கள். அப்புறம்தான் ஐம்பதில்.

இன்னொன்று, சாயங்காலம் தீவனத் தொட்டியின் மூலையைப் பாருங்கள். அடியில் என்ன மிச்சம் இருக்கிறது?

புள்ளிமுட்டை:

பார்த்தேன். சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள், விரலில் மாவுபோல் ஒட்டுகிறது. அதைத்தான் தினமும் தட்டிவிட்டுப் புதுத் தீவனம் போடுகிறேன்.

தீவன_ஆலை:

தட்டிவிட்டதில் பாதி தாது. காடை அலகால் இப்படியும் அப்படியும் வீசிச் சோளக் குருணையைப் பொறுக்கும், கனமான தூள் அடியில் இறங்கிவிடும். கலக்கும்போது ஒரு சதவீதம் எண்ணெய் தெளியுங்கள், தூள் குருணையில் ஒட்டிக்கொள்ளும். தொட்டியை ஒரு நேரமாவது காலியாக்க விட்டு அடுத்த நடை போடுங்கள்.

குட்டிச்சிறகு:

என்னிடம் இருப்பது துத்தநாகப் பூச்சுத் தகரத் தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து துத்தநாகம் கிடைத்துவிடும் என்று ஒருவர் சொன்னார். நல்லதுதானே?

பறவை_மருத்துவன்:

நல்லது இல்லை. வெறும் தண்ணீருக்குப் பெரிதாக ஆபத்து இல்லை. வினிகரோ, அமிலம் கலந்த டானிக்கோ விட்டால் பூச்சு கரைந்து அளவில்லாமல் இறங்கும். துத்தநாகம் அளவுக்கு மீறினால் கணையம் கெடும், முட்டை நின்றுபோகும். பிளாஸ்டிக் தொட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

புள்ளிமுட்டை (எட்டு வாரம் கழித்து):

திரும்ப வந்துவிட்டேன். சொன்னபடி எல்லாம் மாற்றினேன். நுரை வராத 17 ஆணையும் ஒதுக்கிவிட்டு வேறொரு கூட்டத்திலிருந்து 20 ஆண் கொண்டுவந்து விட்டேன். அவற்றை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகுதான் சேர்த்தேன்.

ஓடு மூன்றாவது வாரத்தில் தேறியது. உடைவது இப்போது நாளைக்கு ஒன்றோ இரண்டோ. நேற்று முடிந்த பொரிப்பு: 120 முட்டை, 89 குஞ்சு. மிச்சம் 31-ஐ உடைத்தேன். 14 வெற்று முட்டை, 17 செத்த கரு. கிளி அலகு ஒன்றுகூட இல்லை. குஞ்சுக்குத் தனித் தீவனம் போட ஆரம்பித்த பிறகு பொரித்த கூட்டத்தில் கால் இழுப்பது ஒன்றே ஒன்று.

கூண்டுக்கதவு:

வாழ்த்துகள். கீலேட்டும் போட்டிருந்தால் 100 வந்திருக்கும்.

வெண்கரு:

மகிழ்ச்சி. ஆனால் கணக்கைச் சரியாக எழுதிவையுங்கள். வைத்த முட்டைக்குப் பார்த்தால் 50-லிருந்து 74 சதவீதம். கருக்கூடிய முட்டைக்கு மட்டும் பார்த்தால் 98-க்கு 60 ஆக இருந்தது இப்போது 106-க்கு 89, அதாவது 61-லிருந்து 84. முதல் எண்ணில் ஆண்களின் பங்கும் கலந்திருக்கிறது, இரண்டாவதுதான் தீவனத்துக்கு நெருக்கமானது. அதிலும் புது ரத்தத்தின் பங்கு இருக்கும், வெயில் தணிந்ததும் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டீர்கள், எது எவ்வளவு என்று இனிப் பிரிக்க முடியாது.

தீவன_ஆலை:

ஒப்புக்கொள்கிறேன். ஓடு தேறியதில் வெயிலுக்கும் பங்கு இருக்கலாம், புது வைட்டமினுக்கும் இருக்கலாம். ஆனால் 12 கிளி அலகு பூஜ்யம் ஆனதை வெயில் கணக்கில் எழுத என்னால் முடியாது.

புள்ளிமுட்டை:

கால் வளைந்த ஏழில் நாலு இன்னும் இருக்கின்றன. தாழ்வான தொட்டி வைத்துத் தனியே விட்டிருக்கிறேன். இரண்டு பெட்டை நேற்று முட்டைக்கு வந்துவிட்டன. ஓடு கெட்டியாகத்தான் இருக்கிறது, புள்ளியும் நன்றாக விழுந்திருக்கிறது. அந்த முட்டைகளைப் பொரிப்புக்கு வைக்கலாமா, இல்லை ஒதுக்கிவிடவா?

பறவை_மருத்துவன்:

தீவனக் குறையால் வந்த கால் குஞ்சுக்குக் கடத்தப்படாது. ஆனால் சாய்ந்து நிற்கும் பெட்டையை ஆண் மிதித்தால் இடுப்பு போய்விடும். ஆணோடு விடாதீர்கள். முட்டையைச் சாப்பிடுங்கள்.